வெண்டிக்காய்த் தண்ணீரில் குமிழி திடீரென்று வேகம் பிடிப்பது ஏன்?

1 | சாமிமலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் பாகுநிலைப் பாடம் நடக்கிறது. திரவத்துக்குள் ஒரு சின்ன உருண்டை எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லும் ஸ்டோக்சின் விதியைக் காட்ட எண்ணெய்க்குள் உருக்குக் குண்டு போடுவதுதான் வழக்கம். இந்த முறை பிள்ளைகள், "குண்டு கீழே போவதற்குப் பதிலாகக் குமிழி மேலே போவதை வைத்துச் செய்யலாமே டீச்சர்" என்றார்கள். நல்ல யோசனை. உயரமான கண்ணாடிப் போத்தல், அடிவரை போகும் சேலைன் டியூப், மறுமுனையில் ஒரு சிரிஞ். வேறு செலவே இல்லை.

கெட்டியான சீனிப்பாகில் எல்லாம் ஒழுங்காக வந்தது. சின்னக் குமிழிகளில் ஆரை இரண்டு மடங்கானால் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு.

அப்புறம் ஒரு பிள்ளை வெண்டிக்காயை நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, சீலைத்துணியில் வடித்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். கையில் எடுத்தால் நூலாக இழுபடும். அதைப் போத்தலில் ஊற்றிப் பார்த்தோம். சின்னக் குமிழிகள் உருண்டையாக, மிக மெதுவாக ஏறின. சிரிஞ்சைக் கொஞ்சம் கூட அழுத்தி விட்ட குமிழி ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று பல மடங்கு வேகத்தில் போனது. நடுவில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் அந்த வேகமான குமிழிக்குத் தலை உருண்டை, வால் கூர். பரப்பிழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, எந்தக் கூர்முனையையும் மழுக்கிவிட வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் கவனித்தோம். ஒரு குமிழி போன பாதையிலேயே அடுத்த குமிழி ஏறுகிறது. ஏறி, முந்தியதைப் பிடித்து, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கெல்லாம் என்ன காரணம்? நிற்கும் திரவத்தில் இப்படி என்றால், குழாயில் ஓடும் திரவத்தில் என்ன நடக்கும்? பிள்ளைகளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். மழுப்ப மனம் வரவில்லை.

2 | ஹாஜரா, பதுளை

அருமையான பரிசோதனை டீச்சர். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். எனக்கு முதலில் தோன்றுவது சவர்க்காரம் செய்வதைத்தான். சவர்க்கார மூலக்கூறு குமிழியின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து அதை விறைப்பாக்கிவிடும். வெண்டிக்காய்ச் சாற்றிலும் புரதம் கொஞ்சம் இருக்கிறது. அதனால் இருக்குமா?

அதோடு, தலைக்குப் பூசும் ஜெல் போத்தலில் குமிழி மாதக்கணக்காக அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

3 | பேராதனை வேதிப்பொறி

டீச்சர், உங்கள் பிள்ளைகள் பார்த்தது 1965ல் இத்தாலியில் அஸ்தரித்தா, அபுசோ என்ற இரண்டு பேர் எழுதி வைத்த அதே விஷயம். பல்பகுதியம் (பொலிமர், சிறு அலகுகள் கோர்த்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) கரைந்த திரவங்களில் குமிழியின் கனவளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் வேகம் தாவுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். வெண்டிக்காயின் கொழகொழப்பும் ஒரு பல்பகுதியம்தான். பல்சக்கரைட்டு வகை, நீண்ட சங்கிலி.

காரணத்துக்கு வருகிறேன். பாகுநிலை என்று பாடத்தில் சொல்வது, திரவத்தின் ஒரு படை இன்னொரு படைமேல் வழுக்கும்போது வரும் எதிர்ப்பு. திரவத்தை இன்னொரு விதமாகவும் அசைக்கலாம். ஒரு திசையில் பிடித்து நீட்டலாம். சாதாரண நீரில் இந்த இரண்டு எதிர்ப்பும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நீட்டும்போது வரும் எதிர்ப்பு, வழுக்கும்போது வருவதைவிடச் சரியாக மூன்று மடங்கு. எவ்வளவு வேகமாக நீட்டினாலும் அந்த மூன்று மாறாது. பல்பகுதியம் சேர்ந்தால் இந்தக் கட்டு அறுந்துவிடும். வழுக்கும்போது அநேகமாக நீராகவே இருக்கும் திரவம், நீட்டும்போது நூறு மடங்கு, சிலவேளை ஆயிரம் மடங்கு முரண்டு பிடிக்கும்.

ஏனென்றால் அந்தச் சங்கிலி மூலக்கூறுகள் சும்மா இருக்கும்போது சுருண்டு கிடக்கின்றன. மெதுவாக நீட்டினால் திரும்பச் சுருண்டுகொள்ள அவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. அவை சுருள்வதைவிட வேகமாக நீட்டினால் விரிந்தபடியே நின்றுவிடுகின்றன. இந்த மாற்றம் படிப்படியாக வராமல், ஒரு எல்லையில் சட்டென்று வருகிறது என்று 1974ல் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் டி ஜென் விளக்கினார். விரிந்து நிற்கும் சங்கிலி தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த இழுவிசைதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

இப்போது குமிழியைப் பாருங்கள். ஏறும் குமிழியைச் சுற்றித் திரவம் இரு பக்கமும் வழிந்து வாலடியில் கூடுகிறது. கூடிய திரவம் அங்கே ஒரே திசையில் நீட்டப்படுகிறது. அதாவது போத்தல் முழுக்க அமைதியாகக் கிடக்கும் பல்பகுதியம், வாலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் விறைக்கிறது. அந்தக் கோடு குமிழியின் அடியைப் பிடித்து இழுக்கிறது. பரப்பிழுவிசை மழுக்கப் பார்க்கிறது, இது இழுத்துக் கூராக்குகிறது. அந்த இடத்தில் இது வென்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த வாலைக் கவனமாகப் பாருங்கள். போத்தலைச் சுற்றி நடந்து பார்த்தால், ஒரு பக்கத்திலிருந்து கூர்முனையாகத் தெரிவது 90 பாகை தள்ளி நின்று பார்க்கும்போது அகன்ற விளிம்பாகத் தெரியலாம். ஜோசப் என்பவரின் குழு 1995ல் இதைப் படம் பிடித்து விரிவாக எழுதியது. ஒரு பக்கப் படத்தை மட்டும் பார்த்து வால் ஊசி முனையாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

ஹாஜராவின் கேள்விக்கு: மேற்பரப்பு விறைப்புக்கும் இதில் பங்கு உண்டு, அது முழுக் கதை இல்லை. சாதாரணத் திரவத்தில் மெதுவாக ஏறும் குமிழியின் மேற்பரப்பு விறைப்பாக இருந்தால் ஒரு வேகம், தாராளமாக நகர்ந்தால் அதைப்போல் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போகாது. தாவல் இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு என்று வரும்போது சவர்க்காரக் கணக்கு போதாது. திரவத்தின் மீள்தன்மையும், வேகமாகக் கலங்கும் இடத்தில் பாகுநிலை குறைவதும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது.

ஜெல் வேறு சங்கதி. ஒரு குறைந்தபட்ச விசை கொடுத்தால்தான் அது பாயவே தொடங்கும். குமிழியின் மிதப்பு அந்த அளவுக்கு வராததால் அப்படியே நிற்கிறது. வெண்டிக்காய் நீரில் எவ்வளவு சின்னக் குமிழியும் மெதுவாகவாவது ஏறும்.

4 | சாமிமலை டீச்சர்

மிக்க நன்றி. போத்தலைச் சுற்றிப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே ஒரு பக்கம் கூர், மறுபக்கம் அகலம். பிள்ளைகள் கத்தியே விட்டார்கள்.

இரண்டு குமிழிகள் ஒன்றாவது பற்றி நீங்கள் சொல்லவில்லையே?

5 | பேராதனை வேதிப்பொறி

ஆமாம், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. முதல் குமிழி போன பாதையில் சங்கிலிகள் விரிந்து கிடக்கின்றன; அவை பழையபடி சுருண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரை அந்தப் பாதையில் படைகள் ஒன்றன்மேல் ஒன்று இலகுவாக வழுக்கும், திரவம் மெலிந்திருக்கும். பின்னால் வரும் குமிழிக்கு அங்கே எதிர்ப்புக் குறைவு. அதனால் அந்த வழியாகவே வந்து முந்தியதைப் பிடிக்கிறது. திரவத்துக்கு நினைவு இருக்கிறது என்று சொல்வது இதைத்தான். சிரிஞ்சை அழுத்தும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இரண்டாவது குமிழி முதல் குமிழியின் வேகத்திலேயே போகத் தொடங்கும். அந்த இடைவெளி, திரவம் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலத்தை உங்களுக்குச் சொல்லிவிடும். நல்ல அளவீடு, செலவில்லாதது.

இன்னொரு விநோதமும் இருக்கிறது. நீரில் ஒரு குமிழி ஏறும்போது பின்னால் வரும் நீரும் அதோடு மேலே இழுபடும். பல்பகுதியக் கரைசலில் வாலுக்கு மிக அருகில் திரவம் மேலே வருகிறது, கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் திரவம் எதிர்த் திசையில், கீழ்நோக்கிப் போகிறது. 1979ல் ஹாசகர் இதை நேச்சர் இதழில் எழுதினார். நீட்டப்பட்ட சங்கிலிகள் தங்களைச் சுருக்கிக்கொள்ளும்போது திரவத்தையும் பின்னுக்கு இழுப்பதால் வருவது. போத்தலில் கொஞ்சம் மிளகுத்தூளைக் கலந்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

6 | நோர்ட்டன் பிட்டர்

நான் நீர்மின் நிலையத்தில் டர்பைன் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நிலையம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வாழ்க்கையே குமிழியோடு சண்டை போட்டுத்தான் கழிந்தது. கேவிட்டேஷன் என்பார்கள். பிரான்சிஸ் டர்பைனில் சுமை கூடக்குறைய ஓடும்போது டிராப்ட் டியூப் (டர்பைனிலிருந்து நீர் வெளியேறும் குழாய்) பக்கத்தில் காதை வைத்தால் உள்ளே சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். கல் ஒன்றும் இல்லை, எல்லாம் குமிழி. வருடாந்தப் பராமரிப்புக்குத் திறந்தால் ரன்னர் (டர்பைனின் சுழலும் சக்கரம்) இலையின் பின்பக்கம் முழுக்கச் சொரசொரப்பு, விரல் நுனி இறங்கும் அளவுக்குக் குழிகள். அரைத்து, வெல்டிங் வைத்து, திரும்ப அரைத்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இலையின் வளைவு பிசகினால் அடுத்த வருடம் இன்னும் மோசமாகும்.

ஒரு பொறியியலாளர் முன்பு சொன்ன ஞாபகம், தண்ணீரில் ஏதோ மருந்து கொஞ்சம் போட்டால் கேவிட்டேஷன் குறையும் என்று. அந்த மருந்து நீங்கள் சொல்லும் பல்பகுதியம்தானா? அப்படியானால் ஏன் யாரும் போடுவதில்லை?

7 | பேராதனை வேதிப்பொறி

ஐயா, அதேதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீச்சர் கேட்ட "ஓடும் திரவம்" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் குமிழி இல்லாத குழாய். 1948ல் டோம்ஸ் என்பவர் ஒரு மாநாட்டில் ஆச்சரியமான ஒன்றைச் சொன்னார். கரைப்பானில் மிகச் சொற்பமான பல்பகுதியத்தைக் கரைத்தால், குழாயில் கொந்தளிப்பாக ஓடும்போது உராய்வு கூடாமல் குறைகிறது. பொலியெதிலீன் ஒட்சைட்டு போன்ற, மூலக்கூற்றுத் திணிவு மில்லியன் கணக்கில் உள்ள ஒன்றை லீற்றருக்கு 10 மில்லிகிராம் போட்டால் போதும், உராய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். நல்ல நிலைமைகளில் 80 வீதம் வரை குறைத்திருக்கிறார்கள். சுழியில்லாமல் படைபடையாக ஓடும் அருவிக்கோட்டுப் பாய்ச்சலில் இந்தப் பலன் இல்லை, கொந்தளிப்பில் மட்டும்தான். குழாய்ச் சுவருக்கு அருகே சுழிகள் உருவாகும்போது திரவம் சிறு சிறு இடங்களில் நீட்டப்படுகிறது. அங்கே சங்கிலிகள் விறைத்துச் சுழியை வளரவிடாமல் செய்கின்றன. அலாஸ்காவில் எண்ணெய் கொண்டுபோகும் பெருங்குழாயில் 1979லிருந்து இதை நடைமுறையில் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது கேவிட்டேஷன். நீரின் அமுக்கம் ஓரிடத்தில் நிரம்பலாவியமுக்கத்துக்கு (அந்த வெப்பநிலையில் நீர் ஆவியாகத் தொடங்கும் அமுக்கம்) கீழே இறங்கினால் அங்கே ஆவிக்குமிழி பிறக்கும். அமுக்கம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கும். 1917ல் ரேலி பிரபு இந்த நொறுங்கலுக்குக் கணக்குப் போட்டார். 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள வெறுங்குமிழி, நுவரெலியாவின் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கனில் முழுதாக நொறுங்கிவிடும். சுவருக்குப் பக்கத்தில் நொறுங்கும்போது ஒரு பக்கம் உட்குழிந்து, மெல்லிய நீர்த்தாரை குமிழியைத் துளைத்துக்கொண்டு சுவரில் அடிக்கும். தாரையின் வேகம் செக்கனுக்கு 100 மீற்றர் அளவில் போகும். நீங்கள் வெல்டிங் வைத்த குழிகள் அப்படி வந்தவை.

பல்பகுதியம் இதில் எங்கே கைவைக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனியாக, உருண்டையாக நொறுங்கும் குமிழியை ஐதான கரைசல் பெரிதாகப் பாதிப்பதில்லை. 1970களில் தீப்பொறியால் குமிழி உண்டாக்கிப் பார்த்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான். சுவருக்கு அருகே, உருண்டை குலைந்து நொறுங்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. உட்புகும் தாரை மந்தமாகிறது. 1979ல் ஷஹீன், புருமன் இருவரும் இதைக் காட்டினார்கள். உருண்டை குலையும் இடத்தில்தான் திரவம் ஒரு திசையில் கடுமையாக நீட்டப்படுகிறது. டீச்சரின் குமிழி வாலில் நடப்பதும் அதேதான்.

குமிழி பிறக்கும் கட்டத்தில் பலன் இன்னும் பெரியது. 1970ல் எல்லிஸும் கூட இருந்தவர்களும், மில்லியனில் சில பத்துப் பகுதிகள் பல்பகுதியம் சேர்ந்தாலே கேவிட்டேஷன் தொடங்குவது கணிசமாகத் தள்ளிப்போகிறது என்று காட்டினார்கள். அமுக்கத்தை இன்னும் கீழே இறக்கினால்தான் குமிழி வரும். நீரின் ஆவியமுக்கம் மாறியதால் இது நடக்கவில்லை. மாறியது பாய்ச்சல். முனை உருண்டையான ஒரு பொருளைச் சுற்றி நீர் ஓடும்போது ஓரிடத்தில் எல்லைப்படை, அதாவது சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய நீர்ப்படை, சுவரை விட்டுப் பிரியும். அமுக்கம் துடிப்பதும் குமிழி முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான். பல்பகுதியம் அந்தப் படையை முன்கூட்டியே கொந்தளிப்புக்குள் தள்ளிவிடுகிறது. பிரிவு இல்லாமல் போகிறது, குமிழிக்குப் பிறப்பிடமும் இல்லாமல் போகிறது. கப்பல் சுழலியின் இலை நுனியில் சுருளும் சுழலிலும் இப்படித்தான். சுழலின் நடுவில் அமுக்கம் மிகக் குறைவு. நுனியிலிருந்து கொஞ்சம் பல்பகுதியக் கரைசலைக் கசியவிட்டால் நடுப்பகுதி தடித்து, அமுக்கம் அவ்வளவு இறங்காமல் நிற்கிறது.

ஏன் போடுவதில்லை என்றால், கணக்குப் பாருங்கள். செக்கனுக்கு 1 கனமீற்றர் நீர் ஓடும் ஒரு சிறிய நிலையத்துக்கே மில்லியனுக்கு 10 பகுதி என்றால் செக்கனுக்கு 10 கிராம். ஒரு நாளைக்கு 864 கிலோகிராம். ஒரு முறை டர்பைனைக் கடந்து ஆற்றோடு போய்விடும். கொத்மலை, விக்டோரியா போன்ற பெரிய நீர்மின் நிலையங்கள் அளவுக்கு நினைத்தும் பார்க்க முடியாது. கீழே குடிநீர் எடுக்கும் ஊர்கள், வயல்கள், மீன்கள் எல்லாம் இருக்கின்றன.

8 | நோர்ட்டன் பிட்டர்

விளங்கிவிட்டது தம்பி. 864 கிலோ என்றால் கதை முடிந்தது.

எங்கள் வைத்தியம் வேறு. ரன்னரை வால்நீர் (டர்பைனைக் கடந்து வெளியேறிய நீர்) மட்டத்துக்குக் கீழே ஆழமாக வைப்பது, டிராப்ட் டியூபுக்குள் காற்று விடுவது, குரோமியம் நிக்கல் கலந்த உருக்கில் ரன்னர் வார்ப்பது. காற்று விடுவதுதான் எனக்கு எப்போதும் பிடித்த வழி. குமிழியால் வந்த வினைக்குக் குமிழியையே மருந்தாக்குவது. உள்ளே காற்று இருந்தால் ஆவிக்குமிழி முழுதாக நொறுங்க முடியாமல் மெத்தென்று அடங்கிவிடும், சத்தமும் குறையும்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும். கொழும்பில் ஓடும் பம்பை அதே உறிஞ்சும் உயரத்தில் மேலே கொண்டுவந்து பொருத்தினால், கிட்டத்தட்ட 2 மீற்றர் நீர்நிரல் கையிருப்புக் குறைவு. அது கேவிட்டேஷனுக்குள் விழுந்துவிடும். பம்பைக் குறை சொல்வார்கள், பம்பில் குறை இருக்காது. உறிஞ்சும் குழாயைக் குட்டையாக்கி, பம்பை நீருக்குக் கிட்ட இறக்கி வையுங்கள்.

9 | மஸ்கெலியா பீலிக்காரன்

நான் படித்தவன் இல்லை, ஆனால் இந்த இழையை முழுசாகப் படித்தேன். எங்கள் டிவிஷனுக்கு மேலே மலையில் ஒரு ஊற்று இருக்கிறது. அங்கேயிருந்து லயத்துப் பீலிக்கு 1 அங்குலக் குழாய் போட்டிருக்கிறோம், மோட்டார் இல்லை, சாய்வில்தான் வருகிறது. நடுவில் ஒரு மேட்டைத் தாண்டி இறங்குகிறது. கோடையில் ஊற்றில் தண்ணீர் இருந்தும் பீலியில் வராது. மேட்டில் காத்து அடைத்துக்கொள்கிறது. குழாய் போட்டுத் தந்தவர்கள் அதோடு திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போகிறார்கள்.

உராய்வு பாதியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள் சேர். அந்த மருந்தை ஊற்றுத் தொட்டியில் கொஞ்சம் போட்டால் தண்ணீர் வேகமாக வந்து காத்தையும் தள்ளிக்கொண்டு போகாதா?

10 | பேராதனை வேதிப்பொறி

வேண்டாம் தம்பி. இரண்டு காரணம்.

முதலாவது, அது நீங்கள் குடிக்கும் தண்ணீர். பொலியக்கிரிலமைட்டு போன்ற பல்பகுதியங்களை நீர்ச் சுத்திகரிப்பில் கலங்கலை அடியில் படியவைக்கச் சேர்க்கிறார்கள்தான். அங்கே அளவைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது. அதில் மிச்சமிருக்கக்கூடிய அக்கிரிலமைட்டு நஞ்சு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராம்தான். ஊற்றுத் தொட்டியில் கைக்கணக்கில் போடும் வேலை இல்லை இது.

இரண்டாவது, போட்டாலும் உங்கள் சிக்கலுக்கு அது எதிராகவே வேலை செய்யலாம். மேட்டைத் தாண்டி இறங்கும் சரிவில் காற்றுக் குமிழி மேல்நோக்கி ஏறப் பார்க்கிறது, நீர் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. 25 மில்லிமீற்றர் குழாயில் செக்கனுக்கு அரை மீற்றர் அளவு வேகம் இருந்தால்தான் நீர் வெல்லத் தொடங்கும். கோடையில் உங்களுக்கு அந்த வேகம் இருக்காது. வேகம் போதாதபோது, காற்றுப் பையின் ஓரத்தைப் பிய்த்துச் சின்னச் சின்னக் குமிழிகளாக்கிக் கொண்டுபோவது கொந்தளிப்புத்தான். பல்பகுதியம் அந்தச் சின்னச் சுழிகளைத்தான் அடக்குகிறது. பிய்வது குறைந்தால் குமிழி பெரிதாகவே இருக்கும். பெரிய குமிழியைத் தள்ளுவது இன்னும் கஷ்டம்.

காற்றும் நீரும் சேர்ந்து ஓடும் குழாய்களில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். காற்று நடுவில் வேகமாகவும் நீர் சுவரில் படலமாகவும் ஓடும் பாய்ச்சலில், மில்லியனுக்கு 10 முதல் 15 பகுதி பல்பகுதியம் போட்டதும் நீர்த்துளி பறப்பது அடங்கி, நீர் அடியிலும் காற்று மேலேயுமாகப் பிரிந்து ஓடத் தொடங்கியது. அமுக்க இழப்பும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 2001ல் அல்-சார்க்கி, ஹன்ராட்டி இருவரும் செய்தது. எண்ணெய்க் குழாய்க்காரருக்கு அது லாபம். காற்றைக் கலக்கி வெளியே அனுப்ப நினைக்கும் உங்களுக்கு, காற்றும் நீரும் பிரிந்து ஓடுவது நஷ்டம்.

11 | நோர்ட்டன் பிட்டர்

தம்பி, மருந்தெல்லாம் விடு. மேட்டின் ஆக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடி. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. நீர்மட்டக் குழாய் பிடித்துப் பார், குழாய் புதைந்திருக்கும் இடத்தில் கண் ஏமாற்றும். அங்கே ஒரு டீ (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) போட்டு, மேல்நோக்கி அரை அங்குலத் துண்டு ஒன்றை நிறுத்தி, அதில் தானாகக் காற்று விடும் எயார் வால்வு பூட்டு. காசு இல்லை என்றால் சாதாரணக் கேட் வால்வு போதும், வாரத்தில் ஒரு நாள் யாராவது போய்த் திறந்து, சீறல் நின்று தண்ணீர் வந்ததும் மூட வேண்டும். மேட்டில் குழாய்க்குள் அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருந்தால் திறந்ததும் காற்றை உள்ளே உறிஞ்சும். அப்படியானால் வால்வு வேலைக்கு ஆகாது, மேட்டைச் சுற்றிக் குழாயைத் தாழ்வாக எடுத்துப் போக வேண்டும். ஊற்றுத் தொட்டியின் நீர்மட்டம் மேட்டைவிட எவ்வளவு உயரம் என்று முதலில் பார்த்துச் சொல்லு.

தொட்டியில் குழாய் வாய் எப்போதும் நீருக்குள் நன்றாக மூழ்கியிருக்கிறதா என்றும் பார். கோடையில் மட்டம் இறங்கி, வாயில் சுழி விழுந்து காற்றை இழுத்தால் நீ மேட்டில் எத்தனை வால்வு போட்டும் பயன் இல்லை.

12 | ஹாஜரா, பதுளை

கொந்தளிப்பை அடக்கினால் குமிழி பெரிதாக இருக்கும் என்றது எனக்கு ஒரு பழைய சங்கதியை விளக்குகிறது. ஐஸ்கிரீமிலும் சோஸிலும் போடும் சாந்தன் பசையை ஒரு பக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். பக்டீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். அடியிலிருந்து காற்றைக் குமிழியாக விடுவார்கள். பசை சேரச் சேரக் குமிழிகள் ஒன்றாகிப் பெரிதாகி, துடுப்பைச் சுற்றி மட்டும் கலங்கிவிட்டு மேலே போய்விடும். மூலையில் இருக்கும் பக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். தான் செய்த பசையே அதற்கு ஒட்சிசனைத் தடுக்கிறது. அங்கே பாகுநிலைதான் பெரிய பகைவன் என்று வகுப்பில் படித்தோம். குமிழி முந்திய குமிழியின் பாதையில் போய் ஒட்டிக்கொள்வதும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சருக்கு ஒரு தகவல்: கேக் சாமான் கடையில் கிடைக்கும் சாந்தன், சிஎம்சி (செலுலோசிலிருந்து செய்யும் தடிப்பாக்கி) தூள்களை வைத்து இந்தக் கூர்வாலைப் பார்க்க முயல வேண்டாம். சாந்தன் சங்கிலி விறைப்பானது. சுருண்டு விரிவது குறைவு. செடிக்குப் போடும் நீர்மணி உருண்டைகளும் வேண்டாம். அவை வீங்கும், கரையாது. வெண்டிக்காய், இல்லையென்றால் செவ்வரத்தை இலையைக் கசக்கிய நீர், இரண்டும்தான் வீட்டுக்கு நல்லது.

13 | சாமிமலை டீச்சர்

செவ்வரத்தை இலையிலும் செய்து பார்க்கிறோம். மிளகுத்தூள் வைத்தியம் பலித்தது பேராதனை சேர், வாலுக்குக் கீழே தூள் இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

ஒரு மாணவன் கேட்கிறான்: இது சங்கிலியின் நீளத்தால்தான் வருகிறது, வெறும் தடிப்பால் வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

14 | பேராதனை வேதிப்பொறி

கேட்ட பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். வழி இருக்கிறது. சங்கிலியை அறுத்துப் பாருங்கள்.

வடித்த நீரை இரண்டு பங்காக்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதைக் கிரைண்டரில் சில நிமிடம் அதிவேகத்தில் சுற்றி, நுரை அடங்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில் விட்டு, அறை வெப்பநிலைக்கு வந்ததும் எடுங்கள். இரண்டும் ஒரே பொருள், ஒரே அளவு. ஒன்றில் நீண்ட சங்கிலிகள் அறுந்திருக்கும். பம்புகள் பல்பகுதியத்துக்குச் செய்வதும் இதுதான். அதனால்தான் எண்ணெய்க் குழாயில் ஒவ்வொரு பம்பு நிலையத்துக்குப் பிறகும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் மருந்து தெளிக்கும்போது துளி காற்றில் அலையாமலிருக்க இப்படிப்பட்ட பல்பகுதியங்களைச் சேர்ப்பதுண்டு. பம்பில் திரும்பத் திரும்பச் சுற்றினால் அதுவும் பலன் இழக்கும்.

பிறகு மூன்று அளவீடு. கண்ணாடிக் குண்டு விழும் வேகம், சிரிஞ் ஊசியில் தொங்கும் துளி அறுமுன் விடும் நூலின் நீளம், குமிழியின் வேகத் தாவல். கிரைண்டரில் சுற்றியதில் குண்டு கொஞ்சம் வேகமாக விழும். நூல் அதைவிட மிக அதிகமாகக் குட்டையாகும். தாவலும் நூலோடு சேர்ந்து குறைந்தால் காரணம் நீட்டல்தான் என்று உங்கள் மாணவனே எழுதிக்கொள்ளலாம். தாவல் குறையாமல், குண்டின் வேகத்தோடு மட்டும் மாறினால் நான் சொன்னதைக் கேள்வி கேட்கலாம்.

ஓடும் திரவத்தில் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொன்று: பெரிய சிரிஞ்சிலிருந்து ஒடுங்கிய குழாய்க்குள் இந்த நீரை மெதுவாகத் தள்ளும்போது, ஒரு குமிழியை உள்ளே விடுங்கள். ஒடுங்கும் வாயிலில் திரவம் கடுமையாக நீட்டப்படுகிறது. நல்ல மீள்தன்மையுள்ள கரைசலில், திரவம் போய்க்கொண்டே இருக்கக் குமிழி மட்டும் வாயிலில் சற்று நின்றுவிடும். 1960களில் அமெரிக்காவின் டெலவேரில் உபிளர் பார்த்தது. வெண்டிக்காய் நீரில் அந்த அளவு விறைப்பு வரக் கெட்டியாக வடிக்க வேண்டும். குறைந்த நீரில் நிறைய வெண்டிக்காய் ஊறவையுங்கள்.

15 | மஸ்கெலியா பீலிக்காரன்

பிட்டர் ஐயா, நீர்மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தோம். தொட்டியின் மட்டம் மேட்டைவிட ஆள் உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் கோடையில் தொட்டி மட்டம் இறங்கும்போது குழாய் வாய் பாதி வெளியே தெரிகிறது. அங்கே சுழியும் விழுகிறது.

16 | நோர்ட்டன் பிட்டர்

அப்போ அதுதான் வாசல். முதலில் தொட்டிக்குள் குழாய் வாயில் முழங்கை இணைப்பு ஒன்று போட்டுக் கீழ்நோக்கித் திருப்பு. அடியில் மணல் உறிஞ்சாமல் ஒரு சாண் உயரம் விடு, வாயில் கம்பி வலை கட்டு. சுழி விழும் இடத்துக்கு மேலே ஒரு பலகையை மிதக்க விட்டால் சுழல் உடையும். இதைச் செய்து ஒரு வாரம் பார். அதற்குப் பிறகும் மேட்டில் காற்று சேர்ந்தால் வால்வைப் பூட்டுவோம். டீயும் அரை அங்குலத் துண்டும் என்னிடம் பழையது இருக்கிறது. ஹட்டன் பக்கம் வரும்போது சொல்லு, எடுத்து வைக்கிறேன்.